நைட்ரேட் ஐந்து

லேப்காரர் இருபத்தாறு வருடமாக ஒரு பெரிய மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ரிப்போர்ட் ஒன்றுகூடத் தவறு என்று திரும்பி வந்ததில்லை. இதை அவரே சொல்லுவார். கேட்டவர்களிடமும் சொல்லுவார், கேட்காதவர்களிடம் இன்னும் விளக்கமாகச் சொல்லுவார். வீட்டிலும் எண் என்று வந்துவிட்டால் அவர் சொல்வதுதான் கடைசி. தெர்மாமீட்டரே அவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறி இறங்கும்.

வெளியூருக்குப் படிக்கப் போன மகள், தன் உப்புநீர் மீன் தொட்டியை அவர் பொறுப்பில் விட்டுப் போயிருந்தாள். தொட்டியில் ஒரே ஒரு மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன், வயது ஆறு. ஒரு வேலையும் செய்யாமல் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய் எல்லோரையும் முறைத்துப் பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

"ஞாயித்துக்கிழமை தவறாம நைட்ரேட் பாத்து எனக்கு அனுப்பிடுங்கப்பா. அது ஏறினா இவன் தாங்க மாட்டான்" என்று மகள் சொல்லியிருந்தாள். மீன் தின்று கழித்ததெல்லாம் கடைசியில் நைட்ரேட்டாகித் தண்ணீரிலேயே தங்கிவிடும். பாவம், அதற்குச் சமையலறையும் கக்கூசும் ஒன்றுதான்.

பரிசோதிக்க ஒரு டெஸ்ட் கிட் இருந்தது. தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் எடுத்து, முதல் குப்பியிலிருந்து பத்துச் சொட்டு, இரண்டாவது குப்பியிலிருந்து பத்துச் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து அட்டையோடு நிறத்தை ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் எண் ஐந்து, தண்ணீர் நல்லது. சிவக்கச் சிவக்க எண் ஏறும், தண்ணீர் கெட்டது. கிட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாளை லேப்காரர் பிரிக்கவே இல்லை. அவருக்கா தாள்?

ரத்தக் குழாயைக் குலுக்கக் கூடாது. குலுக்கினால் அணுக்கள் உடைந்து முடிவே கெட்டுப்போகும். தூங்குகிற குழந்தையைத் திருப்பிப் போடுவதுபோல மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இருபத்தாறு வருடம் அப்படியே செய்து செய்து அது கையில் ஊறிவிட்டது. டெஸ்ட் கிட் குப்பிகளையும் அவர் அப்படித்தான் கவிழ்த்தார், நிமிர்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் மஞ்சள். ஒவ்வொரு ஞாயிறும் மகளுக்கு 'நைட்ரேட் ஐந்து' என்று செய்தி போனது. முப்பத்தேழு ஞாயிறு.

முப்பத்தெட்டாவது வாரம் மேனேஜர் சாப்பிடுவதை நிறுத்தியது. மூலையில் சாய்ந்து கிடந்து வேகவேகமாக மூச்சு வாங்கியது. யாரையும் முறைக்கவில்லை. மகள் லீவில் வர இன்னும் ஒன்பது நாள்.

"தண்ணி சரியில்லைங்க" என்றாள் மனைவி.

"தண்ணி அஞ்சு."

"மீன் சாகக் கிடக்குது."

"அது மீனோட பிரச்சினை. தண்ணி அஞ்சு."

மனைவி பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் வேலையில் இருக்கிறாள். வாடிக்கையாளர் கொண்டுவரும் சுவர்த் துணுக்கைப் பார்த்த மாத்திரத்தில் எந்த நிறத்தில் எத்தனை சொட்டு என்று சொல்லிவிடுவாள். அவர் டியூட்டிக்குப் போன பிறகு அவளே கிட்டை எடுத்துப் பார்த்தாள். மாலையில் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னாள்: "எண்பது."

"ஆரஞ்சப் பாத்துட்டு சிவப்புன்னு சொல்லாத."

"நிறத்தப் பத்தி எங்கிட்டயா பேசுறீங்க?"

லேப்காரர் நியாயமானவர். இருவர் முடிவும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது லேப் விதி. மறுநாள் ஒரு குழாய் தொட்டித் தண்ணீரை மருத்துவமனைக்கே எடுத்துப் போய், சிறுநீர் பார்க்கும் காகிதப் பட்டையை அதில் நனைத்து, இயந்திரத்தில் கொடுத்தார். சிறுநீருக்கென்று செய்த பட்டைக்கு நைட்ரேட் தெரியாது, உப்பு தெரியும். அச்சடித்து வந்த முடிவை வீட்டில் ஒளிக்காமல் சொன்னார்.

"உடம்புல நீர் வத்திப் போச்சாம். நிறையத் தண்ணி குடிக்கணுமாம்."

"மீனா?"

"ஆமா."

மனைவி தொட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் அப்படிப் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதரானாலும், போகிற வழியில் தொட்டியைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை. மேனேஜரின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. மகள் வந்து நிற்கும்போது தொட்டி காலியாக இருந்தால் என்ன சொல்வது? ஐந்து என்றா? அவருக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு கிட் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். முதலில் அவர் செய்தார். ஐந்து. பிறகு அதே குப்பிகளை அவளிடம் தந்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தார். ஒவ்வொரு அசைவையும் குறித்துக்கொள்வதாக ஏற்பாடு.

அவள் இரண்டாவது குப்பியை எடுத்து, மூடியை இறுக்கி, மேசை ஆடும்படி குலுக்கினாள். வளையல் ஒரு பக்கம் குதித்தது, குப்பி ஒரு பக்கம் குதித்தது.

"நிறுத்து! இப்படிக் குலுக்கினா என்னத்துக்கு ஆகும்?"

"குலுக்காம எப்படி? பெயிண்ட் டப்பாவக் குலுக்காமத் திறந்தா மேல வெறும் எண்ணெய்தான் வரும். சரக்கெல்லாம் அடியிலதானே கிடக்கும்?"

ஐந்து நிமிடம் கழித்துக் குழாய் குங்குமமாக நின்றது. எண்பது. நிறத்தில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. லேப்காரர் பெட்டியின் அடியிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தார். இரண்டாவது குப்பியிலுள்ள மருந்து அடியில் படியும், முப்பது விநாடி பலமாகக் குலுக்கவும், இல்லையேல் அளவு குறைவாகக் காட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில் விழுமாம் துள்ளி. அவர் தாளை மடித்து எப்படி இருந்ததோ அப்படியே வைத்தார்.

"தண்ணி மாத்தணும்" என்றார்.

அவள் உப்பைத் தண்ணீரில் கலந்தாள். அளவுக் கரண்டியைத் தேடாமல் கை பாட்டுக்கு அள்ளிப் போட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை, வாளி தூக்குவதிலேயே இருந்தார். ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது என்று நாளுக்குக் கொஞ்சமாக மூன்று நாள் மாற்றினார்கள். மூன்றாம் நாள் காலை மேனேஜர் ஓர் உருண்டைத் தீனியை வாயில் வாங்கித் துப்பியது. பிறகு யோசித்து மறுபடி எடுத்து விழுங்கியது. மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லேப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

பிறகு மேசையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். தப்பான ரிப்போர்ட் வெளியே போய்விட்டால் மருத்துவமனையில் அதற்குத் திருத்த அறிக்கை எழுத வேண்டும். எந்த ரிப்போர்ட், என்ன தவறு, எதனால் தவறு என்று மூன்று வரி. இருபத்தாறு வருடத்தில் அதை அவர் எழுதியதே இல்லை. எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்.

"'முப்பத்தேழு வாரமும் நைட்ரேட் ஐந்து என்று அனுப்பியது தவறு. அதை வைத்து முப்பத்தேழு வாரமும் தண்ணீர் மாற்றப்படவில்லை. இரண்டாவது குப்பி குலுக்கப்படாததே காரணம்.' சரியா?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்: "முப்பத்தேழு இல்லைங்க. தண்ணி மாத்தாதது எட்டு வாரந்தான்."

"என்ன சொல்ற?"

"அதுக்கு முன்னாடி ஒவ்வொரு புதன்கிழமையும் நீங்க டியூட்டிக்குப் போனதும் ரெண்டு வாளி மாத்திடுவேன். உங்க பொண்ணுதான் சொல்லிட்டுப் போனா. 'அப்பா என்ன நம்பர் சொன்னாலும் நீ பாட்டுக்கு மாத்திடும்மா, அவர்கிட்ட மட்டும் சொல்லாத, வருத்தப்படுவார்'னு."

லேப்காரர் முப்பத்தேழிலிருந்து எட்டைக் கழித்தார். இருபத்தொன்பது வாரம் மேனேஜர் உயிரோடு இருந்தது, இந்த வீட்டில் அவர் ரிப்போர்ட்டை யாரும் நம்பாததால். அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

"அப்புறம் ஏன் நிறுத்தின? நீ நிறுத்தினதாலதானே இவ்வளவும்!"

அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் உங்களக் கேட்டேன், தண்ணி மாத்தவே வேணாமான்னு. 'டாக்டரே என் ரிப்போர்ட்ட நம்பித்தான் ஆபரேஷன் பண்றார், நீ நம்ப மாட்டியா'ன்னீங்க. மனசுக்கு ஒரு மாதிரியாப் போச்சு. இத்தனை வருஷம் கூட வாழ்ந்துட்டு, மனுஷன் முதுகுக்குப் பின்னாடி வாளி தூக்கிட்டு இருக்கோமேன்னு. அதான், நம்பிட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்து உதறினாள்.

லேப்காரர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். தண்ணீர் மாற்றாத முப்பத்தேழை அடித்து எட்டு ஆக்கினார். பிறகு காரணத்துக்கு வந்தார். குப்பியைக் குலுக்காதது உண்மைதான். ஆனால் குலுக்காத குப்பியோடுதான் மீன் இருபத்தொன்பது வாரம் நன்றாக இருந்தது. அந்த வரியையும் ஒரே கோடாக அடித்து, விதிப்படி பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, கீழே திருத்தி எழுதினார்: 'அம்மா என்னை நம்பினாள்.'

தாளைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவைத்தார்.