கடைசிப் பக்கத்துப் பெயர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நீதிமன்றத்தில் எப்படி உட்காருவதென்றே தெரியவில்லை. கால்மேல் கால் போட்டான்; வாசலில் நின்ற காவலர் முறைத்தார், எடுத்துவிட்டான். கையைக் கட்டிக்கொண்டான், தானே ஏதோ திருடிவிட்டு வந்தவன் போலிருந்தது, அவிழ்த்துவிட்டான். கடைசியில் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, போட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தான். எத்தனையோ கட்டடங்களில் பாதி வழியில் மாட்டிக்கொண்டு அலறியவர்களைச் சிரித்துக்கொண்டே வெளியே இழுத்தவன் அவன். இன்று அவனுக்கே மூச்சு முட்டியது. முன்னால் கறுப்பு அங்கியோடு நின்றுகொண்டிருந்தவள் அவன் மனைவி. வக்கீலாக அவளுக்கு இது முதல் வழக்கு.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் அவள் ஒரு பெரிய வக்கீலிடம் குமாஸ்தா. அவரை ஊரே சீனியர் என்றுதான் சொல்லும். அவருக்கு மனு தட்டச்சு செய்வது, வாய்தா தேதி குறித்துவைப்பது, வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு அவர் பின்னாலேயே ஓடுவது, அவர் கை நீட்டினால் வேண்டிய காகிதத்தை எடுத்து வைப்பது எல்லாம் அவள்தான். மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் வாங்கப் போன இடத்தில் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். மாலை நேர வகுப்பு. பஸ்ஸில் படித்தாள், அடுப்படியில் படித்தாள், துணி காயப்போடும்போது படித்தாள். அவன் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பான். ஒரு எழவும் புரியாமல் கேட்டுக் கேட்டே அவனுக்கும் நாலைந்து சட்டப்பிரிவுகள் மனப்பாடமாகிவிட்டன. அவற்றை வைத்துக் கட்டட மேனேஜர்களை மிரட்டியும் இருக்கிறான். வக்கீல் தகுதித் தேர்வில் முதல் தடவை இரண்டு மார்க்கில் போயிற்று. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "மொத பக்கத்துலேருந்து கேளுங்க" என்றாள். இவள் நம்ம ரகமில்லை, இவள் வேற என்று அன்றைக்கே அவனுக்குப் பட்டுவிட்டது. அதில் அவனுக்கு வருத்தம் ஏதுமில்லை, பெருமைதான்.

அடுத்த தடவை தேறினாள். மருந்துக்கடைக்கு மாடியில் ஒரு அறை கிடைத்தது. முன்பு பல் மருத்துவர் இருந்த இடம். அவர் போகும்போது நோயாளி நாற்காலியை விட்டுவிட்டுப் போயிருந்தார்; தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தது. அவன் ஸ்பானரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டியும் அது அசையவில்லை. "கெடக்கட்டும் விடுங்க. வர்றவங்க வசதியா சாஞ்சுக்கட்டும்" என்றாள். முதல் கட்சிக்காரராக ஒரு தையற்காரி வந்தாள். வேறு இருக்கை இல்லாததால் தயங்கித் தயங்கி அதில் உட்கார்ந்து, "வாயத் தொறக்கணுமாம்மா?" என்று கேட்டாள்.

"தொறங்க. நடந்ததப் பூரா சொல்லுங்க."

நடந்தது இதுதான். இருபது வருடமாகத் தையற்காரி தைத்துவந்த கடைக்கு, கட்டடக்காரர் முன்னறிவிப்பு ஏதுமில்லாமல் பூட்டுப் போட்டுவிட்டார். உள்ளே மூன்று மெஷின்கள், வெட்டிவைத்த நூற்றுப்பன்னிரண்டு பள்ளிச் சீருடைகள். இப்போது பள்ளி திறக்க மூன்று வாரம்தான். நாளை முதல் நீதிமன்றத்துக்கு ஒரு மாத விடுமுறை. பூட்டைத் திறக்கச் சொல்லி இன்றைக்கே உத்தரவு வாங்காவிட்டால் தையற்காரியின் பிழைப்பு போயிற்று. கட்டடக்காரருக்கு வக்கீல் யாரென்றால், வேறு யார், சீனியர்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். நீதிபதி மனுவைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சீனியர், நீங்க யாருக்கு ஆஜராகுறீங்க?"

"கட்டட உரிமையாளருக்கு, அய்யா."

"அந்தம்மாவோட மனுவுல அவங்க வக்கீல்னு உங்க பேரு போட்டிருக்கே?"

கூடம் கொல்லென்று சிரித்தது. கையெழுத்து மெக்கானிக்கின் மனைவியுடையது, அதில் சந்தேகமில்லை. அதன் கீழே தட்டச்சில் இருந்த பெயர்தான் சீனியருடையது. பதினேழு பக்கத்தையும் எழுத்தெண்ணிச் சரிபார்த்தவள், அந்த ஒரு வரியை மட்டும் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரி அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னண்ணே, போச்சா?" என்றாள்.

சீனியர் கெட்டவர் அல்ல. அவள் தேறியபோது ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுத்தவர். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவருக்கு அண்ணனும் கிடையாது தம்பியும் கிடையாது. "எங்கிட்ட வேலை பார்த்த பொண்ணுதான், அய்யா. பழக்கதோஷம். இருந்தாலும் மனு பிழையா இருக்கு. திருப்பி அனுப்பிடலாம். விடுமுறை முடிஞ்சு புதுசாப் போடட்டும்" என்றார். குரலில் வன்மம் இல்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

அவள் காது மடல் சிவந்திருப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. தலையைக் குனிந்துகொள்வாள் என்று நினைத்தான். குனியவில்லை.

"தப்பு என்னோடதுதான், அய்யா. பத்தொன்பது வருஷம் எல்லா மனுவுலயும் கடைசி வரியில அந்தப் பேரத்தான் அடிச்சேன். கை அதையே அடிச்சிடுச்சு. ஆனா வக்காலத்து என் பேர்ல இருக்கு. கையெழுத்து என்னோடது. எழுதினதும் நான்தான். சீனியர் சாரோட மனுவுல எத்தனையோ தடவ இந்த மாதிரி பிழைய இங்கயே திருத்தியிருக்கோம். நானே வந்து திருத்தியிருக்கேன். அதே அனுமதியத்தான் கேக்குறேன். நான் செஞ்ச தப்புக்கு அந்தம்மா ஒரு மாசம் தெருவுல நிக்கக்கூடாது."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி சீனியரைப் பார்த்தார். சீனியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"வந்து திருத்துங்க."

அவள் மேடையருகே போனாள். அடித்த இடம் கறுப்பாகிவிடாமல், பழைய பெயர் கீழே தெரியும்படி ஒரே ஒரு கோடு இழுத்தாள். மேலே தன் பெயரை எழுதினாள். சுருக்கொப்பமிட்டாள். திரும்பி வந்து நின்று, பக்கம் நான்கில் தொடங்கினாள். மெக்கானிக்குக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் வீட்டில் ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டால்கூட அவனை நாலு திட்டுத் திட்டிவிட்டுத் தேடுகிற அதே மனுஷியா இப்படி நிறுத்தி நிதானமாகப் பேசுகிறாள் என்றிருந்தது. கண் கரித்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் முடித்ததும் நீதிபதி மறுபக்கம் திரும்பினார். "பூட்டுப் போடுறதுக்கு முன்னாடி நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"குடுத்திருக்கோம், அய்யா" என்ற சீனியர், பார்வையை நீதிபதியிடமிருந்து எடுக்காமலே வலது கையைப் பின்னால் நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அவருக்குப் பின்னால் நின்ற புதுக் குமாஸ்தா கட்டை அவிழ்த்தான், புரட்டினான், மறுபடி புரட்டினான். ஒரு காகிதம் தரையில் விழுந்தது.

எதிர்ப்பக்கத்தில் அவளுடைய கை தன்னையறியாமல் ஓர் அங்குலம் நகர்ந்ததை மெக்கானிக் பார்த்தான். பிறகு அது அவளுடைய கட்டின்மேலேயே படிந்து நின்றுவிட்டது.

சீனியரின் கை நீட்டியபடியே காத்திருந்தது. நீதிபதி உத்தரவு எழுதப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.