‘நல்லது’ சொன்ன மாணவி

எட்டாம் எண் கட்டில் பத்தடி தூரம்தான். அந்தப் பத்தடியை நடக்க முடியாமல் மாணவி வார்டு வாசலிலேயே நின்றாள். 

எல்லாம் காலையில் அடித்த கூத்துதான். மருத்துவப் படிப்பில் மூன்றாம் ஆண்டு வந்தும், நோயாளியிடம் பேசப் போனால் இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்காக இருபத்திரண்டு கேள்விகளை உருப்போட்டு வந்திருந்தாள். பதில் வந்ததும் ஆதரவாக ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பது வகுப்பில் நடத்திய பாடம். மகராசி தேர்ந்தெடுத்த சொல் ‘நல்லது’.

“தூக்கம் எப்படிங்கய்யா?”

“பரவால்லம்மா.”

“நல்லது. வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?”

“யாருமில்ல. வீட்டுக்காரி போன மாசம் தவறிட்டா.”

“நல்லது. குடிப்பழக்கம் உண்டா?”

எட்டாம் எண் கட்டில் பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பின்னால் நின்ற பேராசிரியை எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

“அவரா உன்கிட்ட பேசற வரைக்கும் உன் ரெக்கார்டு நோட்டுல நான் கையெழுத்து போட மாட்டேன்,” என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

மதியமாகிவிட்டது. வருடம் போவதைவிட அந்தப் பெரியவர் முகத்தைப் பார்ப்பதுதான் இவளுக்குப் பெரிய பயமாக இருந்தது. இருந்தும் எப்படியோ போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு கேள்விகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

“ஐயா, காலைல நீங்க சொன்னத நான் காதுலயே வாங்கல. அடுத்த கேள்வி மறந்துடுமோன்னு பயத்துல இருந்தேன். மன்னிச்சிடுங்க.”

பெரியவர் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று இவளுக்கு இருந்தது. ஓடினால் இனி எந்த நோயாளி பக்கமும் போக மாட்டோம் என்று தெரிந்ததால் அசையாமல் இருந்தாள். கடைசியில் பெரியவர் மெல்ல இவள் பக்கம் திரும்பினார்.

“மாத்திரையெல்லாம் அவதான் பிரிச்சுக் கையில குடுப்பா. எது எப்போன்னு எனக்குத் தெரியாது. இங்க வந்து சேர்ற வரைக்கும் ஒரு மாசம் ஒண்ணுமே போடல.”

இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் எப்படி இவ்வளவு ஏறியது என்று டாக்டர்கள் இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“டாக்டருங்க கேட்டப்ப ஏன் சொல்லல?”

“திட்டுவாங்கன்னு பயந்துதான் ஒழுங்கா போடறேன்னு சொல்லிட்டேன்.” போர்வை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். “நீயும் திட்டுவியாம்மா?”