தூணிக்குப் போக மிச்சப் புல்

அறையைப் பெருக்கும்போதுதான் பாம்புச் சட்டையைப் பார்த்தேன். விரல் தடிமன் இருக்கும். ஈரம்கூடக் காயவில்லை.

நேற்று இதே இடத்தில் உட்கார்ந்துதான் தங்கைக்கு அம்பறாத்தூணி செய்து முடித்தேன். அவள் போகிற வில் போட்டியில் எல்லாம் கையால் செய்ததாக இருக்க வேண்டும். விழுந்து கிடந்த மரத்தின் பட்டையை உரித்து, ஊறவைத்து, குழாயாகச் சுருட்டி, காட்டுக்கொடியால் தைத்தேன். அம்பு முனை மழுங்காமல் இருக்க அடியில் காய்ந்த புல்லைத் திணிப்பது வழக்கம். புல்லை முதலில் வெயிலில் பரப்பி உதற வேண்டும். நேற்று மழை, அவசரம் வேறு. சாக்கிலிருந்து அப்படியே அள்ளித் திணித்துவிட்டு, மிச்சத்தைச் சாக்கோடு முன்னறையில் போட்டேன். தூணி ராத்திரி முழுக்க வாயைத் திறந்துகொண்டு இங்கேதான் கிடந்தது. இருட்டுக் குழாய் கிடைத்தால் பாம்பு விடுமா?

காலையில் தங்கை அதை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அம்பு எடுக்கத் தோளுக்குப் பின்னால் கையை விடுவாள். பார்க்காமல் விடுவாள். அவளுக்கு அதில்தான் பெருமை.

போன் போட்டேன், எடுக்கவில்லை.

முன்னறையில் கணவர் தையல் மெஷினில் இருந்தார். கரப்பான்பூச்சிக்கே நாற்காலிமேல் ஏறுகிற மனுஷன். பாம்பென்று சொன்னால் நான் இரண்டு பேரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். "பாப்பாவப் பாத்துக்கங்க, வந்துடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

மைதானத்தில் தங்கை கோட்டில் நின்றிருந்தாள். கை தோளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"கையக் கீழ போடுடி."

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"போடுன்னா போடு."

வாரை அவிழ்த்துத் தூணியைத் தரையில் கவிழ்த்தேன். அம்புகள் சிதறின. குச்சியால் புல்லைக் கிளறி வெளியே இழுத்தேன். பட்டையைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது, பிறகு சிரித்துவிட்டாள்.

"மானத்த வாங்கிட்டியேக்கா. புல்ல இந்த இடி இடிச்சு வச்சிருக்கே, எறும்புகூட உள்ள போகாது. ஆமா, மிச்சப் புல்லு எங்க?"

வீட்டுக்குப் போன் போட்டேன். மெஷின் சத்தத்தோடு கணவர் எடுத்தார்.

"பாப்பா எங்க?"

"மெதுவாப் பேசு, இப்பத்தான் தூங்குனா. நீ போட்டு வச்சியே புல்லுச் சாக்கு, மெத்துமெத்துன்னு இருக்குன்னு அதுமேலயே படுத்துட்டா."

நான் கத்தவில்லை. கத்தினால் அவர் நாற்காலிமேல்தான் ஏறுவார்.

"அவள மெதுவாத் தூக்குங்க. தூக்கிட்டு வெளிய போயிடுங்க. எதுவும் கேக்காதீங்க."

மெஷின் நின்றது. காலடிச் சத்தம் கேட்டது. பிறகு, தூக்கம் கலைந்த பாப்பாவின் சிணுங்கல். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தூக்கிட்டேன். தோள்லதான் இருக்கா. வாசல்ல நிக்கறேன்" என்றார். அவர் குரல் தேய்ந்திருந்தது. "ஆனா, சாக்கு இன்னும் அசையுது."