மேட்டில் ஏறிய ஓடை

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பெர்னதெத் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. வீடு இருக்கும் காக்ஸ் டவுனில் பஸ் பிடித்து வரைபட ஆபீசுக்கு வருவதோடு சரி. ஆனாலும் அந்த மலையின் ஒவ்வொரு மடிப்பும் அவளுக்கு அத்துப்படி. நான்கு வருஷமாக ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் அதன் உயரக் கோடுகளை மசியால் வரைகிறவள் ஆயிற்றே, இன்னும் தற்காலிக ஊழியராகவே.

அன்று அடுத்தடுத்த இரண்டு வரைபடத் தாள்களின் ஓரம் பொருத்தும் வேலை. கிழக்குத் தாளை ஒரு சர்வேயர் அளந்திருந்தார், மேற்குத் தாளை இன்னொருவர். சேருமிடத்தில் கோடுகள் கால் அங்குலம் விலகி நின்றன.

தலைமை வரைவாளர் தேசிகன் எட்டிப் பார்த்தார். "வளைச்சுச் சேத்துடும்மா. எப்பவும் பண்றதுதானே? சாயங்காலம் அச்சுக்குப் போகணும்."

நூல் கனம் விலகினால் வளைத்துச் சேர்ப்பது அங்கே வழக்கம்தான். பெர்னதெத்தும் பென்சிலால் வளைத்தாள். பிறகுதான் திடுக்கிட்டாள். கிழக்கிலிருந்து இறங்கி வந்த ஓடை, மேற்குத் தாளுக்குள் நுழைந்ததும் இருநூறு அடி மேலே ஏறியது!

"சார், தண்ணி மேட்டுல ஏறுது சார்."

"வரையறது உன் வேலை, மலையைத் திருத்தறது இல்ல. உன் பெர்மனென்ட் ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு. பாத்துக்கோ."

பயந்துதான் போனாள். அவள் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் பொய்க் கோட்டுக்கு மசி போடக் கை வரவில்லை. வளைத்ததை அழித்தாள். இரண்டு தாள்களையும் சுருட்டிக்கொண்டு நேராகத் தேசிகனுக்கும் மேலான ஆபீஸ் அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

அதிகாரி சர்வேயரின் அளவுப் புத்தகத்தை வரவழைத்தார். மேற்கே அளந்த புண்ணியவான் கடைசி மைலில் மலை ஏறவே இல்லை. மேகம் மூடிவிட்டதாம், குத்துமதிப்பாக வரைந்து தள்ளியிருக்கிறார். உடனே வேறொரு குழு மலைக்குப் போனது. அவர்கள் திரும்பும்வரை பெர்னதெத்தின் ஆர்டர் தேசிகன் மேஜையிலேயே கிடந்தது.

ஒரு மாதத்தில் புதிய அளவுகள் வந்தன. மலைமுகடு அங்கே தொடர்ந்து போகவில்லை. நானூறு அடி ஆழத்துக்குப் பிளந்து ஒரு கணவாய் கிடந்தது. ஓடை அதற்குள்தான் இறங்கி ஓடுகிறது. அதுவரை எந்த வரைபடத்திலும் இல்லாத கணவாய்!

புதுத் தாளைத் தேசிகனே கொண்டு வந்தார். கூடவே கையெழுத்தான பெர்மனென்ட் ஆர்டரும். "நீயே போடும்மா," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

பெர்னதெத் மசி தொட்டு இழுத்தாள். இரு பக்கத்துக் கோடுகளும் மயிரிழை பிசகாமல் கூடின. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"வரைஞ்சவங்க பேரு எங்க?" என்றார் தேசிகன். "கீழ எழுது."

தற்காலிக ஊழியர் பெயரை வரைபடத்தில் போடும் வழக்கம் கிடையாது. பெர்னதெத் தன் முழுப் பெயரையும் எழுதினாள், கொஞ்சம் பெரிய எழுத்திலேயே.