மூங்கிலுக்கு மேலே ஒரு பெயர்

நீலவேணிக்குச் சீனம் படிக்கத் தெரியும் என்றால் லண்டனில் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். அவர்கள் விழிப்பதைப் பார்ப்பதில் அவளுக்கு அலாதி சந்தோஷம். மலேசியாவில், ஈப்போவில், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளி. அப்பா அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அந்தப் படிப்பால்தான் இப்போது லண்டன் லூயிஷாம் வீட்டில் சுவர் கொள்ளாமல் மை ஓவியங்கள் தொங்கின. சீனாவிலிருந்து வந்த மாணவர்கள் துணிமணிகளுக்கு நடுவே சுருட்டிக்கொண்டு வந்த படங்களை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமாக விற்றார்கள். வெள்ளைக்காரர்கள் படத்திலிருந்த மலையைப் பார்த்து வாங்கினார்கள். நீலவேணி மேலே எழுதியிருந்ததையும் வாசித்து வாங்கினாள்.

அந்த மாணவர்களில் ஒருவனான சென் கொடுத்த மூங்கில் ஓவியம் வேறு மாதிரி. பெய்ஜிங்கில் போராடிய மாணவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்த அந்த 1989 ஜூன் மாதம், ஒளிந்திருந்த இடத்திலேயே அவன் வரைந்தது. எங்கே, யார் தயவில் வரைந்தது என்று வழக்கப்படி மேலே எழுதியிருந்தான். சீனர்களே தடுமாறும் கிறுக்கெழுத்து. அவனே அவளுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினான்: "நண்பன் ஹே வென்யுவான் தன் காகிதக் கிடங்கில் என்னை மறைத்துவைத்தபோது வரைந்தது."

"வென்யுவான் இன்னும் அங்கேதான் இருக்கிறான், அக்கா. இதை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்" என்றான் சீனத்தில்.

"என் வாயிலிருந்து வராது" என்றாள். சொன்னபோது அது உண்மைதான்.

மறு வருடம் ஒரு சின்ன கேலரி அவள் சேர்த்த படங்களைக் காட்சிக்குக் கேட்டது.

"மூங்கில மட்டும் வீட்டுலயே வச்சிடேன்" என்றான் கணவன் செல்லப்பன்.

"அத யாருக்கும் படிக்க வராதுங்க" என்று அதையும் அனுப்பிவைத்தாள்.

திறப்பு நாளன்று சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு சீனர் மூங்கிலின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எனக்கே இந்தக் கையெழுத்து பிடிபடவில்லை. உங்களுக்கு எங்கே புரியப்போகிறது, பாவம்" என்றார் ஆங்கிலத்தில், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி. யாரோ சிரித்தார்கள்.

நீலவேணிக்குச் சுருக்கென்றது. அதற்குமேல் அந்த நாக்கு சும்மா இருக்குமா? தடுமாறாமல் சீனத்தில் வாசித்தாள். மற்றவர்களுக்காக ஆங்கிலத்திலும் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. நண்பரின் பெயரை மட்டும் இன்னொரு தடவை கேட்டார். அந்தப் பெருமையில் அதையும் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு, மற்றப் படங்களை ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விட்டார். அப்போதுதான் அவளுக்குச் சென்னிடம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு போன் அடித்தால் எடுக்கப் பயந்தாள். வாசல் மணி அடித்தால் செல்லப்பனை அனுப்பினாள். என்ன என்று அவன் கேட்டபோதெல்லாம் தலைவலி என்றாள்.

ஒரு மழைநாளில் சென்னே நேரில் வந்தான். கண் வீங்கியிருந்தது. கக்கத்தில் ஒரு சுருள்.

"வென்யுவானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், அக்கா. எப்படித் தெரிந்ததோ. நீங்கள் யாரிடமாவது..."

"இல்லை" என்றாள் நீலவேணி.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னித்துவிடுங்கள். உங்களிடம் போய் அப்படிக் கேட்டுவிட்டேனே."

பிறகு சுருளை நீட்டினான். "எனக்கு உதவிய மற்றவர்களின் பெயர்கள் இதில் இருக்கின்றன. என் அறையில் வைத்திருக்கப் பயமாயிருக்கிறது. உங்களிடம் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். நீலவேணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.