வாகைப் பெட்டியின் ஐந்து அறைகள்

சுப்புராயன் ஆசாரி செய்த வாகைப் பெட்டியில் ஓர் இழுப்பறை காலையில் திறக்காவிட்டால், அந்த அறைக்கு உரியவர் அன்று இருட்டுவதற்குள் இறந்துபோவார். வடக்கனந்தலில் இப்போது இதை யாரும் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை. கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்துவிட்டதா என்று கேட்பதுபோல, பெட்டி திறந்ததா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

மரம் கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் போகும் வழியில், தனசேகரன் என்கிற விவசாயியின் கொல்லையில் நின்றது. ஒரு கார்த்திகைப் புயலில் வேரோடு சாய்ந்தது. ஏர் ஓட்ட இடைஞ்சலாகக் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று தனசேகரன் சொல்லியனுப்பினார். சுப்புராயன் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. மரத்தை வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் கோடாலியை அதன் அடியில் சாய்த்து வைத்து, இதில் குடியிருக்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வருவார்கள். விடிந்து போய்ப் பார்க்கும்போது கோடாலி நின்றபடி இருந்தால் வெட்டலாம். சரிந்து கிடந்தால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டும். இது தானாக விழுந்த மரம் என்பதால் சொல்ல வேண்டியதில்லை என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். "புயலே காலி பண்ண வச்சிட்டுப் போயிருக்கும்ணா, நாம வேற இன்னாத்துக்கு நோட்டீஸ் குடுக்கணும்?" என்று தம்பி ஜெயப்பிரகாஷ் சிரித்தான்.

வேர் அறுந்து கிடந்த அந்த மரம், அறுவை மில்லுக்குப் போகும்வரை பொழுது சாய்ந்தால் இலைகளை மூடிக்கொண்டது, விடிந்தால் விரித்தது. வாகை இலை எப்போதும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பலகைகளை ஒரு கோடையும் ஒரு மழையும் கொட்டகை நிழலில் அடுக்கி உலர்த்தினார் சுப்புராயன். காற்றுப் போக பலகைக்குப் பலகை குச்சி வைத்திருந்தார். சாயங்காலம் ஆனால் பலகைகள் அந்தக் குச்சிகளை நசுக்கிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டின. காலையில் பிரிந்துகொண்டன. இலைக்குப் பழக்கம் இருந்தால் கட்டைக்கும் இருக்கும் என்று சொல்லி, அவர் தினமும் புதுக் குச்சிகள் சீவிச் செருகினார்.

ஊரில் பாதி வீட்டுக்குக் கதவும் கட்டிலும் செய்தவர் வீட்டில் துணி கொடிக்கயிற்றில்தான் தொங்கியது. மனைவி இருசம்மாள் அதைச் சொல்லிக் காட்டாத பண்டிகை இல்லை. அதனால் இந்த மரம் வீட்டுக்கே என்றார். அப்பா சின்னராசு, தம்பி, தான், இருசம்மாள், மகள் பாரதி என்று ஐந்து பேருக்கு ஐந்து இழுப்பறை. வாகைத்தூள் மூக்கில் ஏறும் என்பதால் அவர் இழைத்த நாளெல்லாம் தெருவே தும்மியது. மூலைகளில் ஆணி கிடையாது. புறாவின் வால்போல் விரிந்த பற்களை ஒரு பலகையில் வெட்டி, மற்றதில் அதற்கேற்ற பள்ளம் வெட்டி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் தட்டிச் சேர்த்தார். கருப்பு வரி ஓடிய காப்பிக்கொட்டை நிறக் கட்டை. ஒவ்வோர் அறையையும் அதன் வாய்க்குத் தகுந்தபடி மயிரிழை மயிரிழையாகச் சீவினார். வேலை முடிந்தபோது ஓர் அறையைத் தள்ளினால், உள்ளே அடைபட்ட காற்று இன்னோர் அறையை மெல்ல வெளியே தள்ளியது. வந்தவர்களுக்கெல்லாம் அவர் இதைத்தான் செய்து காட்டினார். பெட்டி பொழுது சாய்ந்ததும் தன் அறைகளைத் தானே இழுத்து மூடிக்கொண்டதை அவர் காட்டவில்லை. அது தன் வேலைத்திறம் இல்லையே என்றார்.

சித்திரையில் சின்னராசுவின் அறை திறக்கவில்லை. மழை ஈரத்தில் கட்டை உப்பும், ஆனால் அன்று அடித்த வெயிலில் அப்பளம் காயும். கண்ணாடி உள்ளே மாட்டிக்கொண்டதால் பேப்பர் படிக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்த கிழவர், மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போனபின் அறை ஒரு விரல் அளவு திறந்திருந்தது. உள்ளே பச்சை இலை வாசம். வயசாளி என்பதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஆடியில் ஜெயப்பிரகாஷின் அறை திறக்கவில்லை. லைசன்ஸ் அதற்குள் இருந்தது. இழுத்துப் பார்த்துவிட்டு, "போலீஸ் புடிச்சா பொட்டிய வந்து பாருங்க சார்ன்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். கச்சிராயபாளையம் ரோட்டில் அவனை நிறுத்தியது டிராக்டர்.

அதற்குப்பிறகு சுப்புராயன், மரத்துக்குச் செய்யாததைப் பெட்டிக்குச் செய்தார். சாயங்காலம் கோடாலியை அதன்மேல் சாய்த்து வைத்து, குடியிருக்கிறவர்கள் போய்விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். விடிந்தபோது கோடாலி தரையில், வெட்டும் முனை வீட்டார் படுத்திருந்த பக்கம் பார்க்கக் கிடந்தது. கொளுத்திவிடு என்றார் தனசேகரன். உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிற மூன்று பேருடைய அறை இருக்கும்போது எதைக் கொளுத்துவது என்று கேட்டார் சுப்புராயன்.

ஐப்பசியில் ஒரு காலை, கள்ளக்குறிச்சியில் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகும் பாரதி துப்பட்டா எடுக்கப் போனாள். அறை வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"சித்தப்பா லைசன்ஸ் மாதிரியாப்பா?" என்றாள்.

சுப்புராயன் அவளை உட்காரச் சொன்னார். தன் அறையை முழுதாக வெளியே உருவினார். அதன் பக்கங்களில், கொட்டகை மூலையில் கிடந்த பழைய வாகைச் சீவல் சுருள்களை வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, இழைப்புளியால் சமன் செய்து, காற்று நுழைய இடம் இல்லாதபடி ஆக்கினார். விவரம் தெரிந்த வயசிலிருந்து பார்த்த வேலைதான் என்பதால், என்ன செய்கிறார் என்று மகள் கேட்கவில்லை. இருசம்மாளுக்குப் பாதியில் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"உங்களுது வேணாம். என்னுத தள்ளுங்க."

"உனக்கு மணிக்கட்டு வலின்னு உன்னுத லூசா சீவிட்டேன்டி" என்றார் அவர். "காத்து போயிடும்."

"என்னுத டைட்டா வேற செஞ்சிக்கலாம். இன்னா அவசரம்?"

"பொழுதுக்குள்ள ஆவாது. தள்ளிக்க. நான் பண்ண பொட்டி. ஒன்னு உள்ள போனா ஒன்னு வெளிய வந்துதான் ஆவணும்."

அவர் தோளைக் கொடுத்துத் தன் அறையை ஒரே மூச்சில் உள்ளே தள்ளினார். பெட்டிக்குள் காய்ந்த வாகை நெற்றுகள் குலுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பாரதியின் அறை, யாரும் தொடாமல், துப்பட்டா தொங்க முழுநீளத்துக்கு வெளியே வந்தது. சுப்புராயன் அதன் மூலைப் பற்கள் விலகியிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தார். விலகவில்லை. பிறகு கை கழுவினார், காப்பி கேட்டார். இருசம்மாள் அடுப்பை மறுபடி பற்றவைத்துப் பால் பொங்குவதற்குள் அவர் கொட்டகையில் சுருள்களின்மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தார். செத்துப்போன மற்ற இரண்டு பேருடைய அறைகளும் பிறகு திறந்துகொண்டன, அவருடையது திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை.

பாரதியை மணலூர்பேட்டையில் கொடுத்தார்கள். பெட்டி விஷயம் சம்பந்தம் பேசும்போதே சொல்லப்பட்டது. மாப்பிள்ளையின் அம்மா, அறை திறந்ததைச் சொல்லும் போன் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டார். விடிந்ததும் வரும் என்றார்கள். அப்படியே வருகிறது. இருசம்மாள் பல் விளக்குவதற்கு முன் மகளின் அறையைத் திறந்துவிட்டு, "வந்துச்சி, நீ கெளம்பு" என்பாள். அதுவரை அந்த வீட்டில் பாரதியை வாசல் தாண்ட விடுவதில்லை, பாலுக்குக்கூட.

"உன்னுது?" என்று பாரதி கேட்பதுண்டு. இருசம்மாள் தன்னுடையதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சாயங்காலம் பெட்டி தன் அறைகளையெல்லாம் இறுக்கிக்கொண்ட பிறகும், அவள் மணிக்கட்டு வலிக்காகச் சுப்புராயன் தளரச் சீவிய அந்த ஓர் அறை மட்டும், சுண்டுவிரல் பட்டாலே வெளியே வந்துவிடுகிறது. அது எந்த மழையிலும் இறுகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதில் அவள் ஒரு புடவையும், அவர் காது இடுக்கில் வைத்திருந்த பென்சிலும் வைத்திருக்கிறாள்.