மகெல்லன் ஊர் திரும்பிய கதை

புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, சஜீவனி அப்பாவின் உதட்டை ஈரத்துணியால் துடைத்தாள். காலையிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அப்புத்தளையிலிருந்து வந்த டொக்டர், இன்றைய நாளைத் தாண்டமாட்டார் என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா றிச்சர்ட் கொழும்புத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. போனவர் போனவர்தான், ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. அவள் தோட்டத்துப் பள்ளியில் டீச்சராகிவிட்ட பிறகு, போன வருடம், நெஞ்சு நோயோடு பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அம்மா றீட்டா கதவைத் திறந்துவிட்டாள். நேரத்துக்குக் கஞ்சி வைத்தாள், துணி துவைத்தாள். வாய்க்கு மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டாள். புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பங்கு ஃபாதரே வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

அவர் சாவதற்குள் அம்மா ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். சஜீவனிக்கு வேறு ஆசையே இல்லை.

கப்பல் கதை கேட்டது அப்பாதான். பள்ளிக்கூட நூலகத்தில் மகெல்லனின் கடற்பயண வரலாறு இருந்தது; அதைத்தான் எடுத்து வந்து அவருக்கு வாசித்தாள். மேற்கே போய் வாசனைத் திரவியத் தீவுகளைப் பிடிக்க ஐந்து கப்பலோடு புறப்பட்ட மனிதர், பாதி வழியில் ஒரு தீவுச் சண்டையில் செத்துப்போகிறார். நேற்று அந்தப் பக்கத்தை அடுப்படியில் வாசித்துக் காட்டி, "இத எப்படிம்மா அப்பாட்ட வாசிக்கிறது?" என்று கேட்டாள். அம்மா கேட்டபடியே விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"புள்ள..." அப்பா கண்ணைத் திறந்தார். "கெப்டன் வீடு வந்து சேந்தாரா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேந்துட்டாருப்பா."

"பொஞ்சாதி?"

"வாசலுக்கே ஓடியாந்தாங்க. வாங்கன்னு கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்டி பொய் சொல்ற?" அடுப்படி வாசலில் அம்மா நின்றாள். "அந்தாளு வழியிலேயே செத்துட்டாரு. மத்தவங்கதான் கப்பலோட திரும்பினாங்க."

பேசு பேசு என்று இத்தனை மாதம் கெஞ்சியவள், "ஐயோ, சும்மா இருங்கம்மா" என்று பதறினாள். அம்மா கேட்கவில்லை. கட்டில் வரை வந்துவிட்டாள். மகளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

"அவரு வந்து சேரல. நீங்க வந்துட்டீங்கல்ல." குரல் உடைந்தது. "எப்படியோ வந்துட்டீங்க. அது போதும் எனக்கு."

சஜீவனியின் விரல் அப்பாவின் மணிக்கட்டில் இருந்தது. அங்கே துடிப்பு இல்லை. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கேட்டுச்சா அவருக்கு?"

"கேட்டுச்சும்மா."

"தொண்டை காஞ்சு கெடக்கும்" என்று அம்மா உள்ளே போய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தாள். முதல்முறையாக அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள்.